சென்டோவுக்குள் கேமரா: அனுமதி வாங்குவது எப்படி, உள்ளே போனால் எதை எடுப்பது?

கிழக்குவாசல் கேட்கிறார்:

வணக்கம். டோக்கியோவில் கிதா-சென்ஜு பக்கம் குடியிருக்கிறேன். வீட்டிலேயே குளியலறை இருந்தாலும் பக்கத்துத் தெருவில் இருக்கும் சென்டோ என்ற பொதுக் குளியலகத்துக்குப் போவது பழக்கமாகிவிட்டது. 550 யென்னுக்குக் கழுத்தளவு வெந்நீரில் காலை நீட்டி உட்காரலாம் என்றால் யார் விடுவார்கள்?

விடுமுறை நாட்களில் கடை திறக்கும் நேரத்துக்கே போய்விடுவேன். அப்போது உயரத்துச் சன்னல்களிலிருந்து வெயில் சாய்வாக இறங்கி ஆவிக்குள் கோடு கோடாக நிற்கும். எதிர்ச்சுவரில் ஃபூஜி மலை, கீழே நீல ஓடு பதித்த தொட்டி, குழாயடியில் அடுக்கிய மஞ்சள் வாளிகள். இதைப் படம் எடுத்தே ஆகவேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஆனால் உடை மாற்றும் அறையின் எல்லாச் சுவரிலும் கைப்பேசியின் மேல் சிவப்புக் கோடு போட்ட அறிவிப்பு. அது நியாயம்தான். நானே குளித்துக்கொண்டிருக்கும்போது ஒருவன் கேமராவோடு வந்தால் சும்மா விடமாட்டேன்.

அப்படியானால் நாம் பார்க்கும் அழகான சென்டோ படங்களை எல்லாம் எடுத்தவர்கள் எப்படி எடுத்தார்கள்? உரிமையாளரிடம் கேட்க வேண்டும் என்பது தெரிகிறது. எப்போது, எந்த வார்த்தைகளில் கேட்பது என்பதுதான் தெரியவில்லை. என் ஜப்பானிய மொழி கடை கண்ணிக்குப் போதும், அதற்கு மேல் இழுக்காது. அத்தனை ஈரத்தில் வில்லை பனித்துப்போகாதா? முழுச்சட்டகக் கேமராவும் 24 மில்லிமீட்டர் வில்லையும் வைத்திருக்கிறேன். அகலக் கோண வில்லை வாங்க வேண்டுமா? யாரையும் தொந்தரவு செய்யாமல் முதலில் கைபழக ஏதாவது இடம் உண்டா?

‘சென்டோக்களின் அரசன்’ என்று பெயர் வாங்கிய தைகோகு-யு இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. 1929ல் கட்டியது, 2021ல் மூடிவிட்டார்கள். நான் குடிவந்தது அதற்குப் பிறகு. மற்றவர்கள் எடுத்த படங்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. மிச்சம் இருப்பவையாவது கையில் சிக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

கொதிகலன் எழுதுகிறார்:

தம்பி, கைபழகும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இந்த வாரமே போகலாம். கொகானெய் பூங்காவுக்குள் எடோ-டோக்கியோ திறந்தவெளிக் கட்டடக்கலை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கொதகரா-யு என்ற முழு சென்டோவையே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். 1929ல் உன் அடாச்சி வட்டாரத்தில் கட்டிய கட்டடம்தான் அது. கோயில் போன்ற கூரை, வாசலுக்கு மேல் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களின் மரச்சிற்பம், உள்ளே காசு வாங்கும் உயர்ந்த இருக்கை, ஃபூஜி ஓவியம், எல்லாம் உண்டு. தண்ணீர் கிடையாது, ஆகவே குளிப்பவரும் கிடையாது. சொந்த உபயோகத்துக்குக் கையில் பிடித்துப் படம் எடுக்கலாம். முக்காலி வைக்க வேண்டுமானால் வாசலிலேயே கேட்டுவிடு. திங்கட்கிழமை விடுமுறை. பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் தடையில்லாமல் போய்வரலாம் என்பது பெரிய சௌகரியம். நடக்கிற சென்டோவில் மறுபக்கம் எப்படி இருக்கும் என்பது எந்த வாடிக்கையாளருக்கும் ஆயுசுக்கும் தெரியாது.

இதோடு, மூடிய சென்டோக்கள் வேறு வேலைக்கு மாறிய இடங்களும் உண்டு. யனாகாவில் காஷிவா-யு என்ற பழைய சென்டோ 1993 முதல் ஓவியக்கூடம். கியோட்டோவின் நிஷிஜின் பகுதியில் ஃபுஜினோமோரி-யு இப்போது காபிக்கடை. வண்ண மெருகு பூசிய பழைய மஜோலிக்கா ஓடுகள் சுவரில் அப்படியே இருக்கின்றன. ஒரு காபி வாங்கிக்கொண்டு, பணியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஓட்டின் பளபளப்பை எப்படி அடக்குவது என்று பழகலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் பட்டியலில் முதலில் ஃபூஜி மலை நிற்கிறது. எல்லாருக்கும் அப்படித்தான். எனக்கு அதில் கொஞ்சம் அலுப்பு உண்டு, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்டோவில் அடிக்கடி புதிதாகிற பொருள் அந்த ஓவியம்தான். ஆவியும் சூடும் பட்டுச் சாயம் உரிந்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓவியர் வந்து பழையதன் மேலேயே புதிதாக வரைந்துவிட்டுப் போவார். கடை விடுமுறை நாளில் தொட்டியின் மேல் பலகை போட்டு, சாரம் கட்டி, வானத்தில் தொடங்கிக் கீழே இறங்கி, ஒரே நாளில் முடித்துவிடுவார். இந்த வழக்கமே 1912ல் கண்டா பகுதியிலிருந்த கிகாய்-யு என்ற சென்டோவில் தொடங்கியது என்பார்கள். வரையத் தெரிந்தவர்களை இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது உண்மை. ஆனாலும் படம் அழிந்துபோகுமே என்ற கவலை இல்லை. அதை எடுக்காத ஆளும் இல்லை.

அழிந்துபோவது மற்றவை. 1968ல் டோக்கியோவில் மட்டும் 2,600க்கும் மேற்பட்ட சென்டோக்கள் இருந்தன. இன்று ஐந்நூறுகூட இல்லை. மூடுகிற ஒவ்வொன்றோடும் திரும்பக் கட்டமுடியாத சில பொருட்கள் குப்பை வண்டியில் ஏறுகின்றன. 1923 பூகம்பத்துக்குப் பிறகு டோக்கியோவில் பரவிய கோயில் பாணிக் கட்டடத்தில் உடை மாற்றும் அறையின் கூரையை நிமிர்ந்து பார்த்திருக்கிறாயா? மரச்சட்டங்களைக் கட்டம் கட்டமாகக் கோத்த கூரை. அந்த வேலை தெரிந்த தச்சரை இன்று கூப்பிட்டால் கூலி கொடுத்து மாளாது. காசு வாங்குபவர் உட்காரும் பண்டாய் இன்னொன்று. இரண்டு உடை மாற்றும் அறைகளுக்கும் நடுவே உயர்த்திக் கட்டிய இருக்கை. அங்கிருந்து இரு பக்கமும் தெரியும். அதனாலேயே இளைய வாடிக்கையாளர்கள் கூச்சப்படுகிறார்கள் என்று புதுப்பிக்கும்போதெல்லாம் அதை இடித்துவிட்டு, உடை மாற்றும் அறைகளுக்கு வெளியே முன்கூடத்தில் மேசை போடுகிறார்கள். இன்னும் பண்டாய் இருக்கும் வீட்டில் அனுமதி கிடைத்தால் முதல் படம் அதன் மேலிருந்துதான் எடுக்க வேண்டும். இரண்டு அறைகளும் ஒரே சட்டகத்தில் விழும். உரிமையாளரைத் தவிர யாரும் பார்க்காத காட்சி.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது குழாய்களுக்கு மேலே இருக்கும் கண்ணாடிகள். பழைய இடங்களில் கண்ணாடியின் அடியில் அக்கம்பக்கத்துக் கடைகளின் விளம்பரம் பெயின்டில் எழுதியிருக்கும். பல் மருத்துவர், பாய் முடைபவர், அரிசிக்கடை, எல்லாம் தொலைபேசி எண்ணோடு. டோக்கியோவில் 1991 சனவரி 1 அன்று உள்ளூர் எண்களுக்கு முன்னால் ஒரு 3 சேர்த்து ஏழு இலக்கத்தை எட்டாக்கினார்கள். ஆகவே, 03க்குப் பிறகு ஏழு இலக்கம் மட்டும் இருந்தால் அந்தக் கண்ணாடி அதற்கு முந்தையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். எழுத்தில் பாதி, சோப்பும் துண்டும் தேய்த்துத் தேய்த்துப் போயிருக்கும். அரிசிக்கடையும் இருக்காது, அந்த எண்ணும் இருக்காது. இதை நேருக்கு நேர் எடுத்தால் நீயும் கேமராவும்தான் தெரிவீர்கள். ஓரமாக நின்று சாய்வாக எடுக்க வேண்டும், எழுத்தின் மேல் குவியம் வைத்து. கண்ணாடிக்குள் எதிர்ச்சுவர் மங்கலாக விழும். உனக்கு ஃபூஜி வேண்டுமானால் அங்கே வைத்துக்கொள்.

செருப்புப் பெட்டிகளின் மரச்சாவி, உடை போட்டு வைக்கும் பிரம்புக் கூடை, காசு போட்டால் ஓடும், தலைக்கு மேல் கவிழும் உலர்த்தி, முள் ஓடும் எடைமேடை, எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். சில எடைமேடைகளில் கிலோவோடு பழைய ‘கன்’ அளவும் போட்டிருக்கும். அந்த அளவை 1959 முதல் வணிகத்தில் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. எடைமேடைக்குச் சட்டம் தெரியாது, ஓடிக்கொண்டிருக்கிறது.

அனுமதி கேட்பது. முதலில் வாடிக்கையாளனாகப் போய்வா, முகம் தெரியட்டும். நீ ஏற்கெனவே போய்வருகிறாய், பாதி வேலை முடிந்தது. கடை திறக்கும் நேரத்தில் மட்டும் பேச்சை எடுக்காதே. முதல் தண்ணீருக்காகவே வாசலில் காத்திருக்கும் முதியவர்களைக் கவனிப்பதா, உன்னோடு பேசுவதா? குளித்து முடித்து, மேசையருகே வேறு வாடிக்கையாளர் இல்லாத வேளையில், ஒரு புட்டிப் பால் வாங்கிக்கொண்டு இரண்டு வாக்கியத்தில் சொல்: கட்டடம் பிடித்திருக்கிறது, ஆட்கள் இல்லாத நேரத்தில் படம் எடுக்க அனுமதி கேட்டுக் கடிதம் கொண்டுவந்தால் படிப்பீர்களா. அன்றைக்கே கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போகாதே. மறுக்க அவருக்கு ஒரு வழி விடவேண்டும். கையில் காகிதம் இருந்தால் வீட்டில் கலந்து பேசுவார், பெரும்பாலும் மனைவியிடம். முடிவு அங்கேதான் ஆகிறது என்பது என் அனுபவம்.

சம்மதித்தால் இரண்டில் ஒரு நேரம் கொடுப்பார். கடை திறப்பதற்கு முன், அல்லது நள்ளிரவில் மூடிய பின். பின்னது கிடைத்தால் தூக்கத்தை மறந்துவிட்டு ஒப்புக்கொள். தொட்டியை வடித்து, நீளப்பிடித் தூரிகையால் ஓடு ஓடாகத் தேய்ப்பதை எடுக்கச் சம்மதம் கிடைத்தால் அதற்கு இணை இல்லை. எழுபது வயதைத் தாண்டியவர்கள் தினமும் செய்யும் வேலை அது. கொதிகலன் அறையையும் கேள். விறகு போடுகிற இடமாக இருந்தால் இடித்த வீடுகளின் உத்தரங்களும் சட்டங்களும் அடுக்கியிருக்கும். பல இடங்கள் எரிவாயுவுக்கு மாறிவிட்டன. புகைபோக்கி தேவையில்லை, பூகம்பத்தில் விழுந்தால் ஆபத்து என்று அதையும் வெட்டி இறக்குகிறார்கள்.

வில்லை பனிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. குளிர்ந்த கண்ணாடி வெதுவெதுப்பான ஈரக்காற்றில் பட்டால் நீர்கட்டும். கண்ணாடி அறையின் சூட்டுக்கு வந்துவிட்டால் கட்டாது. கேமராவைக் காற்றுப்புகாத உறையில் போட்டு மூடி, உடை மாற்றும் அறையில் அரை மணி நேரம் விடு. பிறகு உறையைத் திற. அதற்குள் வில்லை மாற்றுகிறேன் என்று உடலைத் திறந்தால் உள்ளே உணரி பனிக்கும், துடைக்கவும் முடியாது. தெருக்குளிரிலிருந்து நேரே உள்ளே ஓடினால் துடைத்துக்கொண்டே பொழுது போகும். கடை திறப்பதற்கு முன் மேல் சன்னல்கள் திறந்திருக்கும், ஆவி குறைவு. கட்டடத்தின் படங்களை அப்போது முடித்துவிடு. வெந்நீர் நிரம்பி ஆவி எழும் கடைசி நிமிடங்களை உன் வெயில் கோடுகளுக்கு வைத்துக்கொள். டிசம்பரில் டோக்கியோவில் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுவதால் மூன்று மணி வெயிலே நன்றாகச் சாய்ந்துவிடும். நீ சொன்ன கோடுகளுக்கு அதுதான் மாதம். ஒளிவீச்சுக் கருவியைப் பையிலேயே விடு, ஆவியில் பட்டு எல்லாம் வெள்ளையாகிவிடும்.

அகல வில்லை வாங்காதே. 16 மில்லிமீட்டரில் ஆறு பேர் உட்காரும் தொட்டி நீச்சல் குளமாகிவிடும், ஊரார் சிரிப்பார்கள். 24 போதும். கேமராவை மட்டமாக வை, சுவர்கள் நிமிர்ந்து நிற்கும்.

நடுநிசி எழுதுகிறார்:

இவ்வளவு சடங்கு தேவையா? விடிகாலையில் திறக்கும் சென்டோக்கள் இருக்கின்றன. மழை நாளில் போனால் உள்ளே ஆளே இருக்காது. கைப்பேசியில் இரண்டு படம் எடுத்தால் யாருக்கு என்ன நட்டம்? யாருமே சட்டகத்தில் இல்லாதபோது அந்தரங்கம் எங்கே வந்தது?

கொதிகலன் எழுதுகிறார்:

ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறவருக்கு எப்படித் தெரியும்? அவர் பார்ப்பது துணியில்லாத ஒருவன் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நிற்பதை. 2023 சூலை 13 முதல் மறைவாக உடலைப் படம் பிடிப்பதற்கு நாடு முழுவதற்கும் ஒரே குற்றச்சட்டம் இருக்கிறது. மூன்று ஆண்டுவரை சிறை அல்லது 30 லட்சம் யென்வரை அபராதம். எடுக்க முயன்றாலே குற்றம். வெற்றுச் சுவரை எடுத்தவருக்கு இது பொருந்தாது. அதைக் காவலரிடம் விளக்கிக்கொண்டிருக்கும் அந்த மாலை எப்படிப் போகும் என்று யோசியுங்கள்.

எனக்கு அதைவிடக் கோபம் வேறு இடத்தில். அந்த வீட்டுக்காரர் கடை திறந்ததன் அடையாளமாக வாசலில் தொங்குதிரையை மாட்டியதும் உள்ளே வருகிற எல்லாரும் அவரை நம்பித்தான் துணியைக் கழற்றுகிறார்கள். அவர் விற்பதே அந்த நம்பிக்கையைத்தான். வெந்நீர் இப்போது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஒருவர் இப்படிப் படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டால் அடுத்து முறையாகக் கடிதம் கொண்டுவருகிறவரின் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்படும். இந்தத் தம்பிக்குக் கிடைக்க வேண்டிய அனுமதி அப்படித்தான் போகும்.

தறிநாடா எழுதுகிறார்:

ஒசாகாவிலிருந்து எழுதுகிறேன். கொதிகலன் ஐயா டோக்கியோவோடு நிறுத்திவிட்டார், இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

தம்பி, கன்சாய்ப் பக்கம் வந்தால் நீ நினைத்திருக்கும் சட்டகம் உதவாது. டோக்கியோவில் தொட்டி எதிர்ச்சுவரை ஒட்டி, ஓவியத்துக்குக் கீழே இருக்கும். இங்கே பழைய இடங்களில் தொட்டி அறையின் நடுவில். சுற்றிலும் உட்காருவதற்கு ஒரு படி. பெரிய ஃபூஜி ஓவியத்தைத் தேடினால் ஏமாந்துபோவாய். ஓடுகளில்தான் கைவேலை எல்லாம். நான் அறையின் ஒரு மூலையில் முக்காலியைத் தாழ்த்தி, தொட்டியின் விளிம்புக் கல் சட்டகத்தின் அடியில் ஓடும்படி வைப்பேன். நடுத்தொட்டியின் வட்டமோ முட்டை வடிவமோ அப்போதுதான் விளங்கும்.

அந்த மஞ்சள் வாளியிலும் ஊர் வித்தியாசம் உண்டு, பார்த்திருக்கிறாயா? கெரோரின் என்ற வலி மருந்தின் விளம்பரமாக 1963ல் வந்தது அது. கிழக்கே விற்பது 360 கிராம், இங்கே விற்பது 260 கிராம். இந்தப் பக்கத்தில் தொட்டியிலிருந்தே முகந்து மேலே ஊற்றிக்கொள்வார்கள். பெரிய வாளியில் முகந்தால் கனக்கும், தண்ணீரும் வீண். வாசல் தொங்குதிரையின் நீளமும் அப்படியே, டோக்கியோவுக்கு ஓர் அளவு, ஒசாகாவுக்கு ஓர் அளவு, கியோட்டோவுக்கு ஓர் அளவு. பசு மாடு படம் போட்ட சோப்பு நிறுவனத்தின் திரைகளை வாசலில் பார்த்தால் கவனி. வெளிப்புறப் படம் மட்டும் எடுப்பவர்களுக்கு ஒரே பார்வையில் ஊரைச் சொல்லிவிடும்.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை. கிழக்கு ஜப்பானில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. ஷிசுவோகாவின் ஃபூஜி ஆற்றையொட்டிப் பிரிகிறது. சென்டோக்களில் பழைய குழல்விளக்குகள் இன்னும் எரிகின்றன. அவை கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். கேமராவின் மூடி (ஷட்டர்) திறந்திருக்கும் நேரத்தை டோக்கியோவில் ஐம்பதில் ஒரு நொடி அல்லது நூறில் ஒரு நொடி, இங்கே அறுபதில் ஒன்று அல்லது நூற்றிருபதில் ஒன்று என்று வைத்தால் படத்தில் பட்டை விழாது. ஓசையில்லாத மின்னணு மூடியை அணைத்துவிடு. முக்காலியில் கால் நொடி, அரை நொடி எடுத்தால் இந்தக் கவலையே வேண்டாம். ஓடு பளபளத்தால் துருவமுனைப்பு வடிகட்டியைப் பாதி திருப்பு. முழுக்கத் திருப்பினால் தண்ணீரே இல்லாத தொட்டி போல ஆகிவிடும்.

கியோட்டோவின் ஃபுனாஓகா ஒன்சென் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். 1923ல் கட்டியது, பதிவுபெற்ற பண்பாட்டுச் சொத்து. உடை மாற்றும் அறையில் கதவுக்கு மேல் மரச்செதுக்கல். 1932 ஷாங்காய்ச் சண்டையின் சிப்பாய்கள் துப்பாக்கியோடு ஓடுகிறார்கள், கீழே மனிதர்கள் துண்டைக் கட்டிக்கொண்டு தலை துவட்டுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் விரல் துடிக்கும். ஆனால் அங்கே மக்கள் எந்நேரமும் இருப்பார்கள், உள்ளே கேமராவை எடுக்காதே. கண்ணால் பார்த்துவிட்டு வா.

பெண்கள் பக்கத்தைப் பற்றி ஒரு சொல். அனுமதி வாங்கும் ஆண்கள் பெரும்பாலும் ஆண்கள் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கடை மூடியிருக்கும்போது எடுக்கிறாய் என்றால் இரண்டையும் கேள். குழந்தையைக் கிடத்தும் சிறு கட்டில், தலைவாரும் மேசை, உலர்த்தி நாற்காலிகளின் வரிசை எல்லாம் எங்கள் பக்கத்தில்தான் அதிகம்.

கிழக்குவாசல் எழுதுகிறார்:

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. கண்ணாடி விளம்பரத்தை இத்தனை நாள் குளித்துக்கொண்டே படித்திருக்கிறேன், எண்ணை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொகானெய் போகிறேன்.

கடிதத்தில் என்னென்ன எழுத வேண்டும்? ஜப்பானிய நண்பர் ஒருவர் எழுதித் தருவதாகச் சொல்கிறார். பணம் கொடுக்க வேண்டுமா? படங்களை என் இணையப் பக்கத்தில் போடலாமா? ஓவியத்துக்குத் தனி உரிமை உண்டா என்றும் ஒரு சந்தேகம்.

கொதிகலன் எழுதுகிறார்:

ஒரு பக்கத்துக்கு மேல் போகாதே, எழுத்து பெரிதாக இருக்கட்டும்; படிப்பவருக்கு வயதாகியிருக்கும். பெயர், எங்கே வேலை, எந்தத் தெருவில் இருக்கிறாய், எத்தனை நாளாக அவர் வீட்டில் குளிக்கிறாய். படத்தில் ஆட்கள் இருக்கமாட்டார்கள், வேண்டுமென்றால் அவரும் அவர் மனைவியும் மட்டும், அதுவும் அவர்கள் விரும்பினால். எத்தனை பேர் வருவீர்கள் (நீ ஒருவன் மட்டும் என்று எழுது, நண்பர்களைக் கூட்டிப்போகாதே), எவ்வளவு நேரம், எந்தெந்த நாட்கள் உனக்குத் தோது. ஒரு மணி நேரம் என்று எழுதினால் ஐம்பது நிமிடத்தில் துடைத்துவிட்டு வெளியே இருக்க வேண்டும். தண்ணீர் நிரம்பும் நேரம் உன் வசதிக்குக் காத்திருக்காது.

படங்களை எங்கே போடப்போகிறாய் என்பதைத் தெளிவாக எழுது. இணையப் பக்கம், கண்காட்சி, போட்டி, ஒவ்வொன்றும் தனித்தனி. ‘முதலில் உங்களிடம் காட்டுவேன், வேண்டாம் என்பதை நீக்குவேன்’ என்ற வரி கட்டாயம் வேண்டும், எழுதினால் கடைப்பிடிக்கவும் வேண்டும். சில வீட்டுக்காரர்கள் கடையின் பெயரைப் போடச் சொல்வார்கள், சிலர் போடவே கூடாது என்பார்கள். இருக்கிற வாடிக்கையாளர்களே போதும், படம் பார்த்துக் கூட்டம் வந்தால் பழைய ஆட்களுக்கு இடமில்லை என்பது அவர்கள் கவலை. கொயென்ஜியின் கொசுகி-யு போன்ற பெயர்பெற்ற இடங்கள் வேறு மாதிரி. அங்கே பத்திரிகைக்காரர்களும் படமெடுப்பவர்களும் கேட்டுக்கொண்டே இருப்பதால் முறையான விண்ணப்பம், மறுமொழிக்குக் காத்திருப்பு எல்லாம் உண்டு. தெருக்கோடிச் சென்டோவிலிருந்து தொடங்கு.

பணம் நீயாக நீட்டாதே. விளம்பரம், திருமண உடுப்புப் படம் போன்ற தொழில்முறை வேலைக்கு வாடகை கேட்பார்கள், அது நியாயம். சொந்த வேலைக்கு ஒரு பெட்டி இனிப்பு போதும், தனித்தனியாகப் பொதிந்ததாக வாங்கு. படம் எடுத்த மறுவாரம் நல்ல தாளில் அச்சுப்போட்டுக் கொடு. கைப்பேசியில் கோப்பாக அனுப்பினால் நன்றி சொல்வார்கள். அச்சாகக் கொடுத்தால் உடை மாற்றும் அறையில் மாட்டுவார்கள்.

ஓவியம். ஓரத்தில் இடத்தின் பெயரும் தேதியும், சில சமயம் வரைந்தவர் பெயரும் எழுதியிருக்கும். ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டம் தெருவிலும் பூங்காவிலும் நிரந்தரமாக நிற்கும் கலைப்பொருட்களைப் படமெடுக்கத் தாராளமாக விடுகிறது. குளியல் அறைச் சுவர் தெரு இல்லை. அறையின் ஒரு பகுதியாக வந்தால் பெரிதாக யாரும் கேட்கமாட்டார்கள். ஓவியத்தை மட்டும் நிரப்பி எடுத்து விற்பதாக இருந்தால் வரைந்தவரிடம் கேட்க வேண்டும். உரிமையாளருக்கு அவர் தொடர்பு இருக்கும். ஓவியத்தை எடுக்கத்தான் போகிறாய், நான் சொன்னால் கேட்கவா போகிறாய்? அப்படியானால் மேல் மூலையில் சாயம் உரிந்த இடத்துக்கு அருகே போய் ஒரு படம் எடு. மேகத்துக்கு அடியில் பழைய வானத்தின் வேறொரு நீலம் தெரியும், சில இடங்களில் அதற்கும் அடியில் இன்னொன்று. அந்தப் படத்தை யாரும் எடுப்பதில்லை.

கடைசியாக முக்காலி. கடிதத்தில் அதைத் தனியாகக் குறிப்பிடு. ‘கேமரா’ என்று மட்டும் எழுதினால் கைக்கு அடக்கமான ஒன்றை நினைத்துச் சம்மதித்திருப்பார். கால்களை வீட்டிலேயே கழுவித் துடைத்து, ரப்பர் குமிழ் மாட்டிக் கொண்டுபோ. கூர்முனை இருந்தால் கழற்றிவிடு. தரையில் பதித்த அந்த வகை ஓடுகளை இப்போது யாரும் சுடுவதில்லை, ஒன்று உடைந்தால் மாற்று கிடையாது. வெறுங்காலோடு நில், காலுறை வழுக்கும். எடுத்து முடித்ததும் நீ நின்ற இடத்தை நீயே துடை. துடைக்கும் துணியை அவரிடம் கேட்காதே, கொண்டுபோ.

தறிநாடா எழுதுகிறார்:

இனிப்பு இரண்டு பெட்டியாக வாங்கு தம்பி. ஒன்று வீட்டுக்காரருக்கு, ஒன்று கொதிகலன் அறையில் வேலை செய்பவருக்கு. அவர் மனம் வைத்தால்தான் பின்கதவு திறக்கும்.